டிஸ்கஸ் மீன் வாங்கப் போகிறீர்களா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், மகளின் பிறந்தநாளுக்கு ‘டிஸ்கஸ்’ மீன் வாங்கப் போவதாகச் சொன்னார். “கடையில் எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன, எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்டார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே அவசரமாகச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். எனக்கு அந்தத் தகுதி உண்டு. ஒன்பதே நாட்களில் இரண்டு டிஸ்கஸ் மீன்களைப் பறிகொடுத்தவன் நான்.

வட்டு எறியும் விளையாட்டின் வட்டைப் போலத் தட்டையாக இருப்பதால் இந்தப் பெயர். பூர்வீகம் அமேசான் நதி. 1840இல் வியன்னாவைச் சேர்ந்த ஹெக்கெல் என்ற அறிஞர் இதை முதலில் விவரித்தார். தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் சுரக்கும் பசையைத் தின்றுதான் இதன் குஞ்சுகள் முதலில் வளர்கின்றன. மீன்களில் இது அபூர்வம். 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான, சுத்தமான தண்ணீர் வேண்டும். விலையும் அதற்கேற்பத்தான்.

செகந்தராபாத்தில் ஒரு கடையில் நிறத்தைப் பார்த்து மயங்கினேன். இரண்டு அங்குலம்கூட இல்லாத குஞ்சுகள், ஆனால் கல்யாணப் பட்டுப்புடவை போல ஜொலித்தன. பல டிஸ்கஸ் வகைகளில் அந்த வயதுக் குஞ்சுகள் வெளிறித்தான் இருக்கும் என்பதும், நிறம் ஏற ஹார்மோன் கொடுப்பவர்கள் உண்டு என்பதும் அன்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் இரண்டும் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கின. இரை தொடவில்லை. என் பையன் பள்ளிக்கூடம் போகுமுன் தொட்டி முன்னால் உட்கார்ந்து, “சாப்பிடு, சாப்பிடு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பத்தாம் நாள் தொட்டி காலி.

அடுத்த முறை, பல வருஷமாக மீன் வளர்க்கும் எதிர்வீட்டுத் தெலுங்குப் பெரியவரை அழைத்துப் போனேன். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. கடைக்காரரிடம் ஒரே கேள்வி: “சேப திண்டுந்தா, லேதா?” மீன் சாப்பிடுகிறதா இல்லையா என்று அர்த்தம். “இப்போதுதான் போட்டேன்” என்றார் கடைக்காரர். “அப்படியானால் நாளைக்கு வருகிறோம்” என்று பெரியவர் கிளம்பிவிட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதுதான் சரி. நம் கண் முன்னால் இரை போடச் சொல்ல வேண்டும். நல்ல மீன் முன்னால் வந்து கொத்தும். வாயில் வாங்கித் துப்பிவிடும் மீன் வேண்டாம்.

பிறகு கண்ணைப் பாருங்கள். உடம்பு சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால், அது வளர்ச்சி குன்றிய மீன். வீட்டுக்கு வந்தபின் எவ்வளவு இரை போட்டாலும் அந்தக் குறை தீராது. எதிரே நின்று நெற்றியைக் கவனித்தால், கத்தி முனைபோல் ஒடுங்கியிருப்பது பட்டினியின் அடையாளம். ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைத்து மூச்சு விடுவதும், மற்ற மீன்களைவிட வேகமாக மூச்சு வாங்குவதும் செவுளில் ஒட்டுண்ணி இருப்பதைக் காட்டலாம். வெள்ளை நூல்போல எச்சம் தொங்கினால் குடலில் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். இவற்றில் ஒன்று அந்தத் தொட்டியில் ஒரு மீனுக்கு இருந்தாலும், பக்கத்தில் துள்ளும் மீனையும் வாங்காதீர்கள். எல்லாம் ஒரே தண்ணீர்தானே!

அன்றைக்குத்தான் வந்திறங்கிய சரக்கானால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கடையிலேயே விட்டு வையுங்கள். வண்ண மீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் வாங்கி ரயிலில் கொண்டுவர நினைப்பவர்கள், ஒரு நாள் போய் இரை தின்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் வெறும் வயிற்றோடு ஆக்சிஜன் பையில் கட்டி வாங்குவது நல்லது. வயிறு நிறைந்த மீன் வழியில் பைத் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

ஒற்றை மீனாக வாங்காதீர்கள். இது கூட்டத்தோடு வாழும் ஜாதி. ஏற்கெனவே மீன்கள் இருந்தால் நான்கு வாரமாவது தனித் தொட்டி. குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்காமல் ஊற்றக் கூடாது. டிசம்பர் இரவுகளில் ஹைதராபாத் குளிருக்கு ஹீட்டர் கட்டாயம்.

மூன்றாவது முறை போனபோது, வெளிறிய ஐந்து குஞ்சுகளைப் பெரியவர் தேர்ந்தெடுத்தார். “இதுவா?” என்று பையன் முகம் சுளித்தான். நிறம் வர எட்டு மாதம் ஆயிற்று. இப்போது அவன் தொட்டிப் பக்கம் போனாலே ஐந்தும் கண்ணாடிக்கு ஓடி வருகின்றன.