எண்ணுக்குக் கீழே ஓர் எழுத்து

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஆல்ட்டோ சாக்ஸபோன் பழகுகிறாள். மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு, கிடாரோடு சேர்ந்து வாசிக்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வரும்போது நல்ல பழைய கருவி ஒன்றை வாங்கிவரத் தயாராக இருக்கிறார். மூன்றைப் பார்த்துவைத்திருக்கிறார்கள்: வெள்ளி முலாம் பூசிய 1920களின் கான் ஒன்று, 1930களின் கான் 6எம் ஒன்று, செல்மர் மார்க் 6 ஒன்று. "முதலாவது மற்ற இரண்டையும்விட மிக மலிவு, பார்க்கவும் அழகாக இருக்கிறது. அதையே எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

சாக்ஸபோன் எப்படி இருக்கும், எப்படி ஊதுவார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். 1994இல் 'டூயட்' படம் வந்த நாளிலிருந்து கத்ரி கோபால்நாத்தின் ஆல்ட்டோ நம் காதுக்குப் பழக்கமானதுதான். பழைய கருவி வாங்குவதில் இருக்கும் சிக்கலுக்கு நேராக வருகிறேன்.

அடோல்ஃப் சாக்ஸ் பாரிஸில் காப்புரிமை பெற்றது 1846இல். ஆனால் இந்தக் கருவி வீடுவீடாகப் போனது 1920களின் அமெரிக்காவில். இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் என்ற சிற்றூரிலேயே கான், பூஷர், மார்ட்டின் என்று மூன்று பெரிய தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். கிளீவ்லாண்டில் எச்.என். ஒயிட் கம்பெனி 'கிங்' என்ற பெயரில் செய்தது. பாரிஸின் செல்மர் தன் முதல் சாக்ஸபோனை 1922இல்தான் வெளியிட்டது. இன்று பழைய ஆல்ட்டோ தேடுகிறவர் கையில் அகப்படுவது பெரும்பாலும் இந்த ஐந்து பெயர்களில் ஒன்று.

எல்லோரும் முதலில் கேட்பது மார்க் 6. 1954இல் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை செய்தார்கள். அதன் சாவிகள் விரலுக்கு அடியில் விழும் விதம் அருமையானது. இன்று கடையில் கிடைக்கும் மாணவர் சாக்ஸபோன்களும் செல்மர் வகுத்த அந்தச் சாவி அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் அதன் விலையில் பாதிக்கு மேல் புகழுக்கான விலை என்பது என் எண்ணம். வரிசை எண் ஐந்து இலக்கமாக இருந்தால் நாதம் உயர்ந்தது, ஆறு இலக்கமானால் மட்டம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கையால் பொருத்தி முடித்த கருவிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. எண்ணைப் பார்த்து நாதத்தை முடிவு செய்கிறவர் கருவியை ஊதிப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

கிங் சூப்பர் 20 சார்லி பார்க்கர் வாசித்தது, கனன்பால் ஆடர்லி வாசித்தது. அதற்கும் புகழின் விலை உண்டு. பூஷரை செவ்வியல் சாக்ஸபோன் கலைஞர் சிகுர்ட் ராஷர் கடைசிவரை விடவில்லை. அகன்ற, இனிமையான ஒலி. மார்ட்டினின் துளை வளையங்கள் தனியாகச் செய்து பற்றவைக்கப்பட்டவை. வாங்கும்போது அந்தப் பற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கான் 6எம் எனக்குப் பிடித்த கருவி. பெல்லில் ஒரு பெண்ணின் உருவம் செதுக்கியிருக்கும். கழுத்தின் நுனியில் மறைசுற்றிய வளையம் ஒன்று உண்டு. அதைத் திருகினால் மவுத்பீஸ் நூலிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகரும். 1947 வாக்கில் கைவிடும்வரை, கான் தன் துளைகளின் விளிம்பைக் கூராக விடாமல் வெளிப்பக்கம் சுருட்டிவிட்டது. துளையை மூடும் பேடு அதன்மேல் மெத்தென்று உட்காரும். அதே காரணத்தால் அந்த விளிம்பை அரம் போட்டுச் சமப்படுத்தவும் கூடாது. இது தெரியாத பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கெட்டுப்போன கான்கள் நிறைய.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கான்களின் பின்புறத்தில் 1914 டிசம்பர் 8 என்று பொறித்திருக்கும். அது காப்புரிமை தேதி. கருவி பிறந்த ஆண்டை வரிசை எண்ணைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வரிசை எண்ணுக்குக் கீழேதான் வாசகரின் கேள்விக்கு விடை இருக்கிறது. அங்கே ஒற்றை எழுத்தாக 'எல்' என்றோ 'எச்' என்றோ பொறித்திருப்பார்கள். மற்ற கம்பெனிகள் லோ பிட்ச், ஹை பிட்ச் என்று முழுதாகவே எழுதியதும் உண்டு. 1920களின் வெள்ளி ஆல்ட்டோ ஒன்று, பழுதில்லாமல் பளபளவென்று, காரணமே இல்லாமல் மலிவாகக் கிடைத்தால், அதில் 'எச்' இருக்கிறதா என்று பாருங்கள்.

உலகத்துக்கெல்லாம் ஒரே சுருதி என்பது பழைய ஏற்பாடு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் மாறியது. பேண்டு வாத்தியக் குழுக்கள் ஒலி எடுப்பாக இருக்க வேண்டுமென்று சுருதியை ஏற்றிக்கொண்டே போயின. அமெரிக்காவில் ஹை பிட்ச் என்று நிலைத்தது 'ஏ' சுரத்துக்கு 457 ஹெர்ட்ஸ். இன்று நாம் அறிந்த 440ஐ அமெரிக்க இசைக்கலைஞர்கள் கூட்டமைப்பு 1917இல் ஏற்றது. ஆனால் பழைய சுருதியில் முழு செட்டு வாத்தியம் வாங்கிவைத்திருந்த குழுக்கள் அவற்றைத் தூக்கிப்போடுமா? அவர்களுக்காகக் கம்பெனிகள் 1920களிலும் இரண்டு வகையையும் செய்தன. பிறகு அந்தக் குழுக்கள் கலைந்தன, கருவிகள் மட்டும் மிஞ்சின.

440க்கும் 457க்கும் இடையே உள்ள தூரம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கீபோர்டில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது.

மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சுருதி இறங்கிவிடுமே என்று மைத்துனரிடம் யாராவது சொல்லுவார்கள். இறங்கும், ஆனால் கோணலாக இறங்கும். குழலுக்குள் அதிரும் காற்றின் நீளம்தான் சுரம். 457ஐ 440 ஆக்க வேண்டுமானால் அந்த நீளம் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு கூட வேண்டும், அதுவும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக. எல்லாச் சாவிகளையும் மூடி மந்திர ஸ்தாயியில் ஊதும்போது காற்றின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 4 சென்டிமீட்டர் தேவை. மேலே உள்ள ஒரு சுரத்துக்கு அது 30 சென்டிமீட்டர் என்றால், 1.2 சென்டிமீட்டரே போதும். மவுத்பீஸை இழுத்தாலோ எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவுதான் கூடும். கீழ்ச் சுரத்துக்காக 4 சென்டிமீட்டர் இழுத்தால் அந்த மேல் சுரம் ஒரு முழுச்சுரத்துக்கும் மேலாகச் சரிந்துவிடும். மேல் சுரத்துக்காக 1.2 இழுத்தால் கீழ்ச் சுரங்கள் எல்லாம் ஏறியே நிற்கும். நான் பள்ளியில் படித்த காலத்தில் அம்மா ஒவ்வொரு ஜூனிலும் என் பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். நீளம் சரியாகும், இடுப்பு பிடிக்கும். அதே கதைதான். உடம்பு முழுவதும் வளர்ந்திருக்க, ஒரு முனையை மட்டும் நீட்டிப் பயனில்லை. இருபதுக்கும் மேற்பட்ட துளைகளையும் அடைத்து வேறிடத்தில் திறந்தால்தான் தீரும். அதை யாரும் செய்யப்போவதில்லை.

ஆகவே கோயில் குழுவில் கீபோர்டோடு வாசிக்கும் பெண்ணுக்கு 'எச்' கருவி ஆகாது.

ஆனாலும் அந்தக் கருவிகளைக் குப்பை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அவற்றில் அபசுரம் இல்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவு சரியாகத்தான் இருக்கிறது. அவை சேர்ந்து வாசிக்க வேண்டிய உலகம்தான் நகர்ந்துவிட்டது. நம் சங்கீதத்திலோ சட்ஜமத்துக்கு நிலையான இடம் ஏது? பாடகரின் குரலுக்கேற்பக் கட்டையைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். மின்னணுச் சுருதிப்பெட்டியில் நுண்சுருதிக் குமிழைத் திருகி, வயலினையும் மிருதங்கத்தையும் அதற்குச் சேர்த்துவிட்டால், மேற்கே யாரும் சீண்டாத அந்த 457 ஆல்ட்டோ ஒரு கர்நாடகக் கச்சேரியை முழுதாக நடத்திக்கொடுக்கும். சாக்ஸபோனில் ராகம் பழக நினைத்துப் பணமில்லாமல் தயங்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் இந்தக் கருவிகளைக் குடைந்து மேசைவிளக்கு செய்கிறார்கள். நம் ஊரும் குறைந்ததல்ல. கல்யாண பேண்டு செட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபோது அவர்களின் கருவிகள் காயலான்கடையில் பித்தளை எடைக்குப் போயின. தப்பியவை பள்ளி, கோயில் அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. பெட்டிக்குள் ஈரம் தங்கினால் பேடின் தோல் விறைக்கும், உள்ளே இருக்கும் கம்பளியைப் பூச்சி அரிக்கும், ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து ஒடியும். திடீரென்று அக்கறை வந்து யாராவது பிராஸோவைப் போட்டுத் தேய்த்தால் வெள்ளி முலாமும் சித்திரவேலையும் சேர்ந்து போகும். ஊதி முடித்ததும் உள்ளே துணி இழுத்து ஈரம் துடைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடம் கிடைத்த கருவிகள்தான் நூறு ஆண்டு கழித்தும் பாடுகின்றன. உங்கள் ஊர் அலமாரியில் ஒன்று இருந்தால் திறந்து பாருங்கள், தயவுசெய்து.

இனி தூத்துக்குடி நண்பருக்கு. அந்த வெள்ளி ஆல்ட்டோ சரிப்படாவிட்டால் 6எம்தான் என் தேர்வு. மைத்துனர் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யட்டும். கழுத்துக் குழாயைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்நோக்கி அமுங்கியிருந்தால் வேண்டாம். சிறு விளக்கை உள்ளே இறக்கி, சாவிகளை மூடி, பேடுகளைச் சுற்றி வெளிச்சம் கசிகிறதா என்று இருட்டறையில் பார்க்கட்டும். கசிந்தால் பேடு மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கான்களுக்கு உள்ளறை அகன்ற மவுத்பீஸ்தான் பொருந்தும். மகள் இப்போது வைத்திருக்கும் குறுகிய மவுத்பீஸைப் பொருத்திவிட்டுக் கருவி சுருதி சேரவில்லை என்று குறைசொல்லக் கூடாது. இடதுகைச் சுண்டுவிரல் சாவிகள் செல்மரைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும். சில மாதங்களில் விரல் பழகிவிடும்.

அந்த வெள்ளி ஆல்ட்டோவின் வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீழே 'எல்' இருந்து, மற்ற சோதனைகளிலும் தேறினால், மலிவான அதையே தயங்காமல் வாங்குங்கள். 'எச்' இருந்தால் ராகம் பழகும் வேறொரு பிள்ளைக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.