உங்களுக்குத் தெரியுமா? மறதியை அளக்கும் ஸ்கான்

ஸ்கந்தபுரத்தில் ஒரு அப்பாச்சி உலை வைத்ததை மறந்து, பேரனை மகனின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால், "மனுசிக்கு அறளை பேந்திட்டுது" என்பதோடு வீட்டில் கதை முடிந்துவிடும். மூளையில் அமிலாய்ட், தௌ என்ற இரண்டு புரதங்கள் படிவதும் இந்த மறதிக்குக் காரணமாக இருக்கலாம். அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் இந்தப் படிவுகளைப் பற்றிப் பேசியது, இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகுதான்.

உயிரோடிருப்பவரின் மூளையில் அமிலாய்டை, கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றிப் படமெடுக்கும் பெட் ஸ்கானில் முதன்முதலில் கண்டது 2002இல், சுவீடனின் உப்சாலாவில். அந்தக் குழுவில் முக்கியமானவரான ஹென்றி எங்லர் ஒரு முன்னாள் கெரில்லாப் போராளி! உருகுவேயின் துப்பமாரோ இயக்கத்தவர். 1972இல் பிடிபட்டு 13 வருடம் சிறையில் கிடந்தார், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. பின்னாளில் ஜனாதிபதியான ஹொசே முஹிக்காவும் அதேபோல அடைபட்டவர்தான். தனிமை எங்லரின் மனநிலையையே குலைத்துப்போட்டது. 1985இல் விடுதலையாகி, சுவீடன் போய், விட்ட மருத்துவப் படிப்பை முடித்து, மற்றவர்களின் மூளையைப் படமெடுக்க வந்தார். வன்னி வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அவர்கள் ஊசியில் ஏற்றிய மருந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் இருவரும் உருவாக்கியது. அமிலாய்டில் ஒட்டும் தயோபிளேவின் என்ற மஞ்சள் சாயத்தை மாற்றியமைத்து, கதிர்வீசும் காபன்-11ஐ அதில் சேர்த்தார்கள்.

காபன்-11 ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் பாதியாகும். கொழும்பில் தயாரித்து வானில் ஏற்றினால், 6 மணித்தியாலம் கழித்து கிளிநொச்சியில் இறக்கும்போது இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால்தான் 110 நிமிடத்தில் பாதியாகும் புளோரின்-18க்கு மாறினார்கள். அதே பயணத்தில் இது பத்தில் ஒரு பங்காவது மிஞ்சும். இந்த வகையில் முதலாவதான புளோபெற்றாபிருக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி கொடுத்தது.

படத்தில் மூளை ஒளிர்ந்தால் மட்டும் போதாது, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அமிலாய்ட் அதிகம் படியாத சிறுமூளையோடு மற்றப் பகுதிகளை ஒப்பிட்டு விகிதம் எடுப்பார்கள். மருந்துக்கு மருந்து எண் மாறியதால் 2015இல் 'சென்ரிலொயிட்' என்ற பொது அளவுகோல் வந்தது. ஆரோக்கியமான இளைஞருக்கு 0, வழக்கமான அல்சைமர் நோயாளிக்கு 100.

எண் கூடினால் நோய் நிச்சயமா? இல்லை. நினைவு தெளிவாக உள்ள 70 வயதினரிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அமிலாய்ட் படிந்திருக்கிறது. கொலம்பியாவில் ஒரு பெண். நாற்பதுகளிலேயே மறதியைக் கொண்டுவரும் பரம்பரைப் பிறழ்வு உள்ள குடும்பம். அவருக்கோ எழுபது தாண்டும்வரை ஒன்றுமில்லை! ஸ்கான் எடுத்தால் மூளை நிறைய அமிலாய்ட், ஆனால் தௌ குறைவு. அபூர்வமான இன்னொரு மரபணு மாற்றம் அவரைக் காத்தது என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மறதியோடு நெருக்கமாக ஒத்துப்போவது தௌதான். அதைக் காட்டும் மருந்தான புளோற்றோசிபிருக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இலங்கையின் ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், மறதிநோய் இருந்தது 100க்கு 4 பேர் அளவில். நம் நாட்டில் பெட் ஸ்கான் என்றதும் பலருக்கு நினைவுவருவது மகரகம வைத்தியசாலைக்கு மக்களிடம் காசு திரட்டி வாங்கிய இயந்திரம். அதன் வேலை புற்றுநோயைத் தேடுவது.

அப்பாச்சிக்கு அமிலாய்டைக் காட்டும் ஸ்கான் கிடைக்காவிட்டாலும் முதலில் செய்யவேண்டியவை உள்ளூரிலேயே தொடங்கலாம். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு மூன்றும் மறதியைக் கொண்டுவரும். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, மண்டையோட்டுக்குள் மெல்ல இரத்தம் கசிந்து தேங்கினாலும் கிழமைக்கணக்கில் புத்தி தடுமாறும். அது சாதாரண சி.ரி. ஸ்கானிலேயே தெரிந்துவிடும்.