மீன் ‘மின்’ ஆகாதிருக்க…
இணையத் தமிழ் – 9

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே சில கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். அங்கே அதிரணசண்ட மண்டபத்தின் ஒரு பக்கம் வடமொழிச் சுலோகங்களைப் பல்லவ கிரந்தத்தில் வெட்டியிருக்கிறார்கள். மறுபக்கம் அதே சுலோகங்கள் நாகரியில். செய்தி ஒன்று, எழுத்து இரண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் இணையதளம் நடத்தியவர்கள் பட்ட பாடும் இதுதான். அன்று ஒரு தமிழ்ப் பக்கத்தின் உயிர் ஃபாண்டில் இருந்தது. ஆங்கில எழுத்துகள் போக மிச்சமிருந்த இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்தார்கள். அந்த ஃபாண்ட் வராவிட்டால் வாசகர் காண்பது புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துக் குப்பை. ஃபாண்டைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப 1997-இல் வழி வந்தது, ஆளுக்கொரு விதமாக. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ‘இஓடி’ கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு ‘பிஎஃப்ஆர்’ கோப்பு. இரண்டையும் செய்து வைக்கப் பொறுமை இல்லாதவர்கள் எக்ஸ்புளோரரோடு நின்றுவிட்டார்கள். 2004-இல் பயர்பாக்ஸ் வந்தபோது அதில் பல தமிழ்த் தளங்களைப் படிக்கவே முடியவில்லை. ‘பத்மா’ என்ற நீட்சி அந்தக் குப்பையை யூனிகோடாக மாற்றிக் காட்டியது. பலருக்கு அதுதான் கண்ணாடி.

சிஎஸ்எஸ் வழியாக ஃபாண்டை அழைக்கும் விதி 1998-லேயே எழுதப்பட்டது. ஆனால் சாதாரண டிடிஎஃப் கோப்பை அப்படி வாங்கிக்கொள்ள பயர்பாக்ஸுக்கு 2009 ஆயிற்று. எல்லோருக்கும் பொதுவான ‘வோஃப்’ வடிவம் 2012-இல் தரமானது. இதற்கிடையே, 2010-இல், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

அத்தோடு தொல்லை தீர்ந்ததா? ‘செங்கல்பட்டு’ என்று தட்டினால் கணினி முதலில் சகரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது பிரவுசரின் வேலை. குரோமும் பயர்பாக்ஸும் அதற்கு ‘ஹார்ஃப்பஸ்’ நிரலைப் பயன்படுத்துகின்றன, சஃபாரி ஆப்பிளின் ‘கோர்டெக்ஸ்ட்’டை. இன்று மூன்றும் இதைச் சரியாகவே செய்கின்றன. கோளாறு வருவது உயரத்தில். நீங்கள் ஃபாண்ட் எதையும் சொல்லாவிட்டால் விண்டோஸ் நிர்மலாவை எடுக்கும், ஐபோன் தமிழ் சங்கம் எம்என்-ஐ, ஆண்ட்ராய்டு பெரும்பாலும் நோட்டோவை. ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் வேறு வேறு அளவு. கடற்கரை உணவகத்தின் தளத்தில் வரி உயரத்தை 18 பிக்சல் என்று இறுக்கி, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லியிருந்தால், ஒரு போனில் ‘மீன் வறுவல்’ ஒழுங்காக இருக்கும். இன்னொன்றில் மேல்சுழி வெட்டுப்பட்டு ‘மின் வறுவல்’ ஆகிவிடும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. தமிழ்ப் பக்கத்தைத் தமிழை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரி உயரத்தைப் பிக்சலில் தராமல் 1.6, 1.7 என்று வெறும் எண்ணாகக் கொடுங்கள். எழுத்தளவு கூடினால் அதுவும் கூடும். ஃபாண்ட் வரிசையில் நோட்டோ சான்ஸ் தமிழை வோஃப் கோப்பாக முதலில் வையுங்கள், மற்றவை பின்னால் வரட்டும். பிறகு விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டிலும் ஒரு ஐபோனிலும் கையில் வைத்துப் பாருங்கள்.

என் கவலை பழைய பக்கங்களைப் பற்றியது. எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் விடைகொடுத்துவிட்டது. இஓடியை இன்றைய பிரவுசர் எதுவும் திறக்காது. அதை நம்பி எழுதிய கதை, கட்டுரை, செய்தி எல்லாம் சேமிப்பில் இருந்தும் படிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன. எந்தக் குறியேற்றத்தில் தட்டியது என்று தெரிந்தால் அவற்றை மீட்கலாம். ‘டாப்’ முறையில் தட்டிய ஒரு பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்று அடுத்த வாரம் செய்தே பார்ப்போம்.

(தொடரும்)