பெட்டியில் வரும் போலந்து விமானம்

எடைக்கல்லில் எண் கூடினால் கனம் கூடும். மாடல் விமானப் பெட்டியில் அப்படியல்ல; எண் கூடக்கூட விமானம் சிறுக்கும். 1/72 என்றால் அசலில் 72-ல் ஒரு பங்கு.

பி.இசட்.எல். பி.11சி என்ற பழைய போலந்துப் போர் விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 10.72 மீட்டர். 1/72 பெட்டியில் அது 15 செ.மீ.; 1/48-ல் 22 செ.மீ. இதை விற்கும்போதே சொல்லிவிட்டால், "இவ்வளவு சின்னதா?" என்று சரக்கு திரும்பி வராது. பசையும் பெயிண்டும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியவை. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

வாங்குபவர் பல சமயம் சிறுவரல்ல, சரித்திரம் படித்த பெரியவர். பி.11 கேட்டவரிடம் பி.24-ஐ நீட்டினால் பெட்டியைத் தொடக்கூட மாட்டார். விமானி அமருமிடம் திறந்திருந்தால் பி.11சி, கண்ணாடி மூடியிருந்தால் பி.24.

இந்த இரண்டு ரகம் வந்ததே வியாபார ஒப்பந்தத்தால்தான். பி.11சி-யின் பிரிட்டிஷ் எஞ்சினைப் போலந்து உரிமம் பெற்றுத் தயாரித்தது. அந்த உரிமத்தில் ஏற்றுமதிக்கு இடமில்லை. எனவே பிரெஞ்சு எஞ்சின் பொருத்தி, மேம்பட்ட பி.24-ஐ உருவாக்கித் துருக்கி, கிரீஸ், ருமேனியா, பல்கேரியாவுக்கு விற்றார்கள். சொந்த விமானப்படைக்கு அது போகவில்லை. 1939 செப்டம்பர் 1-ல் ஜெர்மனி படையெடுத்தபோது போலந்து விமானிகள் பழைய ரகத்தில்தான் ஏறினார்கள். எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் பல அதைவிட வேகமானவை. ஆயினும் அன்றே சிலவற்றை வீழ்த்தினார்கள்.

எஞ்சிய ஒரே அசல் பி.11சி, கிராகோவ் நகர விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.