மருந்து ஏற்றியது தெரியும், அதனால்தான் இறந்தார்களா?

டென்மார்க் வைத்தியசாலைகளில் எம்மவர் பலர் மொழி தெரியாமல் வாய் மூடிக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். அங்கே எவராவது நோயாளிக்குத் தீங்கு செய்தால் நீதிமன்றம் எதை நம்பும்?

பால்ஸ்ரர் தீவில், நூகோபிங் நகர வைத்தியசாலை வழக்கைப் பார்ப்போம். 2015 மார்ச்சில் ஒரு தாதியில் சந்தேகம் கொண்டு சக தாதி பொலிசுக்கு அறிவித்தார். நோயாளருக்கு மோர்பினும் டயசிபாமும் ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. 2016இல் கீழ் நீதிமன்றம் மூன்று கொலை, ஒரு கொலை முயற்சி என்று கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. 2017 மேயில் மேல் நீதிமன்றம் அதை நான்கு கொலை முயற்சிகளாக மாற்றி 12 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது.

மருந்து ஏற்றப்பட்டதை மேல் நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் இறந்த மூவரும் ஏற்கெனவே நோயாளிகள். வேறு காரணத்தால் இறந்திருக்கலாம் என்பதை முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை. ஐயத்தின் பயன் எதிரிக்கே. குடும்பத்தாருக்கு எவ்வளவு கசந்திருக்கும்!

சிகிச்சையில் நேர்ந்த பாதிப்புக்கு நோயாளர் நட்டஈடு கேட்பது வேறு வழி. அங்கே அவ்வளவு உறுதி தேவையில்லை, சிகிச்சையால் வந்திருப்பதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு என்று காட்டினாற் போதும்.

எதுவானாலும் இரத்தத்தில் மருந்தின் தடயம் நாளாக நாளாக மறையும். ஆகவே சந்தேகம் வந்த அன்றே வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதனை கேளுங்கள், குற்றமென்று தோன்றினால் பொலிசுக்கும் அறிவியுங்கள். நாள், நேரம், அறையில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் தமிழிலேனும் எழுதி வையுங்கள். ‘யோர்னல்’ எனும் உங்கள் நோயேட்டின் பிரதியைக் கேட்பது உங்கள் சட்டபூர்வ உரிமை, கேட்க வெட்கப்படாதீர்கள்.