கோழிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மசாலா அறை

வாடிப்பட்டிப் பக்கம், பெரியாற்றுப் பாசன வயல்களை ஒட்டிக் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது அந்த பிராய்லர் கொட்டகை. வெளியாள் யாரையும் லேசில் உள்ளே விடமாட்டார்கள். காலோடு நோய் வந்துவிடும் என்ற பயம். நமக்கு இன்று அனுமதி கிடைத்துவிட்டது! அவர்கள் கொடுக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் கொட்டியிருக்கும் சுண்ணாம்புத் தூளில் நன்றாக மிதித்துவிட்டு வாருங்கள். கோழிகளை அப்புறம் பார்ப்போம். விசேஷம் பின்பக்கத்தில்தான்.

தகரக் கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறுவது பூண்டும் சீரகமும்! கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி இருக்கிறது அறை. சின்ன வெங்காயச் சாக்கு ஒருபக்கம், தண்ணீர் தெளித்து வைத்த கீழாநெல்லிக் கட்டு மறுபக்கம், நடுவில் எவர்சில்வர் அண்டா. வீட்டிலிருந்து ஓய்வு பெற்று வந்த பழைய கிரைண்டர் ஒன்று கடகடவென்று ஓடுகிறது. சுவர்க் காலண்டர் முழுக்க மஞ்சள் விரல் தடம். அதில்தான் எந்த நாளில் எந்தத் தடுப்பு மருந்து என்று பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கீழாநெல்லியை வேரோடு அலசி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, "உக்காருங்க தம்பி, ஆனா எதையும் தொட்டுராதீங்க, சட்டை போயிரும்" என்கிறார். அவர் உள்ளங்கை மஞ்சள் காப்புப் போட்டது போல் இருக்கிறது. "எங்க வீட்டுக்காரரு, உன் கைபட்ட சோறெல்லாம் கோழித் தீவன வாசம் அடிக்குதுங்கிறாரு. ரசத்துக்குப் போடுற அதே சாமான்தானய்யா இதுவும்னு சொல்லிட்டேன்!" பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த தோலெல்லாம் பறந்தது.

அக்கா சொன்னது உண்மைதான். ஊறவைத்த சீரகமும் மிளகும் முதலில் கிரைண்டருக்குள் போகின்றன. பின்னாலேயே பூண்டு, வெங்காயம், மஞ்சள்தூள், கடைசியில் கீழாநெல்லி. பச்சையும் மஞ்சளும் கலந்த விழுது வழிந்து வரும்போது கண் எரிகிறது, நாக்கும் ஊறுகிறது. தஞ்சாவூரை மையமாகக் கொண்டு மூலிகை வழிக் கால்நடை மருத்துவத்தைப் பரப்பியவர், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் அஞ்சறைப் பெட்டிச் சரக்கிலேயே மருந்து சொல்லிக்கொடுத்தவர். அவரிடமும் அவர் வழிவந்தவர்களிடமும் கேட்டதைத்தான் இந்த வட்டாரத்தில் பலரும் கைப்பக்குவமாக வைத்திருக்கிறார்கள்.

மழை இல்லாத மாதங்களில் வரப்பில் கீழாநெல்லி கிடைக்காது. அப்போது மதுரைக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சரக்கு வாங்கி வருகிறார்கள். நிலவேம்பும் அங்கிருந்துதான். அந்தக் கசப்பை மட்டும் யாரும் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது பிசையும் காட்சி. தார்ப்பாயில் தீவனத்தைக் குவித்து, நடுவில் குழி பறித்து, கருப்பட்டித் தண்ணீரில் கரைத்த விழுதை ஊற்றுகிறார் பண்ணைக்கார அண்ணன். பிறகு நாலு கைகள். அள்ளித் தேய்த்து, உதிர்த்து, மறுபடி அள்ளித் தேய்த்து… கட்டி இருந்தால் ஒரு கோழி அத்தனையையும் தின்றுவிடும், இன்னொன்றுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு பிடியையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கிறார். நெற்றி வியர்வை தீவனத்தில் விழாமலிருக்கத் தலையில் துண்டு. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டுமே கலக்கிறார்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? குஞ்சு சீக்கிரம் எடை போட வேண்டும் என்று ஆன்டிபயாடிக்கைச் சிறு அளவில் தீவனத்தில் கலக்கும் பழக்கம் உலகமெங்கும் இருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் அதை முழுக்க நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்த இந்தியா 2019-ல் தடை விதித்தது. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கத்துக்கு மாற்றுத் தேடும் பல முயற்சிகளில் இந்த அண்டாவும் ஒன்று. என்னைக் கேட்டால் மிக மணமான முயற்சி!

வாருங்கள், குஞ்சுகளிடம் போவோம். காலையில்தான் வந்து இறங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிராம். நெல் உமியின்மேல் செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் தகரத் தடுப்பு, மேலே சூட்டுக்குக் குண்டு பல்புகள். ஒரு குஞ்சை எடுத்து அலகைக் கருப்பட்டித் தண்ணீரில் மெல்ல முக்குகிறார் அக்கா. அது தலையை அண்ணாந்து விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்பதுபோல் அவர் விரலையே கொத்துகிறது. தாளில் தூவிய தீவனத்தை அத்தனையும் கொத்தும் சத்தம், ஓட்டுக் கூரையில் தூறல் விழுவதுபோல் கேட்கிறது. "தலைப்புச் செய்தியத்தான் மொதல்ல கொத்துதுக" என்கிறான் வேலைக்கு நிற்கும் பையன்.

அடுத்த தடுப்பில் வளர்ந்தவை. சித்திரை வெயிலிலும் கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். இரை செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும் என்பதால் உச்சிவேளையில் தீவனத் தட்டைத் தூக்கிவிடுகிறார்கள். குடிதண்ணீரில் நெல்லிக்காய்ச் சாறு. கூரைமேல் தண்ணீர் தெளிப்பான். கீழே நமக்குத்தான் சட்டை நனைகிறது.

"மஞ்சளும் பூண்டும் போட்டா சொட்டு மருந்து வேணாம்னு எவனாச்சும் சொன்னா நம்பிராதீங்க" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். ராணிக்கெட், கம்போரோ நோய்களுக்குத் தடுப்பு மருந்து போட்டே ஆக வேண்டும். அதைக் கலக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது என்று கொஞ்சம் பால்பவுடரும் சேர்க்கிறார். கூளம் ஈரமானால் எந்த மூலிகையும் ரத்தக் கழிச்சலைத் தடுக்காது என்பதும் அவர் கணக்கு. கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் கம்பெனி தரும் தீவனத்தைத்தான் போட வேண்டும். இவர் சொந்தக் கோழி வளர்க்கிறார். அதனால்தான் அண்டா வைக்க முடிகிறது, நட்டம் வந்தாலும் அவருடையதே.

பொழுது சாய்ந்ததும் லாரி வந்துவிட்டது. வெயில் தாழ்ந்தால்தான் கோழி பிடிப்பு. கூண்டு ஏறுகிறது, தராசு ஆடுகிறது, ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தொட்டவை இறக்கையடித்துப் போகின்றன. பல்லடத்தில் சொன்ன அன்றைய பண்ணை விலையைப் போனில் கேட்டுவிட்டு அண்ணன் முகம் கொஞ்சம் மலர்கிறது. அக்காவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. லாரிக்காரரைப் பிடித்து நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "தம்பி, மேலூர்ப் பக்கம்தான போறீக? அங்கிட்டு வரப்புல கீழாநெல்லி மொளைச்சிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க!"