உஷார்! அந்தப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் பின்தெருப் பையன் ஒருவன் கால்பந்தில் ஸ்டாப்பர், அதாவது டிஃபெண்டர், ஆடுகிறான். வயது 17. போன வாரம் அவன் அப்பா, கிளப் ஒன்று நீட்டிய நாலு பக்க ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து, "சார், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும். கூடவே ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப்: "ட்ரையல் ஃபீஸ் இன்னிக்கே போட்டுடுங்க, நாளைக்கு இடம் இருக்காது." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஆஸ்டின் டவுன், கௌதமபுரத்துப் பெற்றோர்களே, பெலேவுக்குச் சிலை வைத்த ஜனங்கள் நாம். பந்து என்றால் உருகிப்போவோம். அது தெரிந்துதான் இந்த ஏஜென்ட்டுகள் வருகிறார்கள்.

டிஃபெண்டர் பிழைப்பு எப்படி என்று ராகுல் பெகேவைப் பாருங்கள். மும்பைக்காரர். ஈஸ்ட் பெங்கால், நடுவில் லோனில் கேரளா பிளாஸ்டர்ஸ், 2017-ல் நம் பெங்களூரு எஃப்சி, அப்புறம் மும்பை சிட்டி, 2024-ல் மறுபடியும் பெங்களூரு. ஊர் ஊராக மூட்டை கட்டிய கால்கள். 2019 மார்ச் 17, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம். கோவாவுக்கு எதிராக 117-வது நிமிடத்தில் கார்னர் பந்துக்கு எகிறித் தலையால் முட்டி பெங்களூருவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அவர் ஆடிவந்த அந்த பெங்களூரு எஃப்சியே 2025 ஆகஸ்டில், முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. யாரும் மோசமாக ஆடவில்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கப்படாததால் லீகே தொங்கலில் நின்றது. கோப்பை ஜெயித்துக் கொடுத்தவர் இருந்த அணிக்கே இந்தக் கதி என்றால், நேற்று முளைத்த கிளப்பை நம்பி பன்னிரண்டாம் வகுப்பை விடப்போகும் பையனுக்கு என்ன கதி?

இது புதிதும் இல்லை. கம்பெனி அணிகளான மஹிந்திரா யுனைடெட் 2010-லும் ஜேசிடி 2011-லும் கலைக்கப்பட்டன. ஒரு காலத்தில் நம் ஐடிஐ, எச்ஏஎல் அணிகளில் ஆடினவர்களுக்குக் கம்பெனி உத்தியோகம் இருந்தது. முழங்கால் போனாலும் வீட்டில் உலை கொதித்தது. இன்றைக்குக் கையில் இருப்பது அந்த ஒப்பந்தக் காகிதம் மட்டும்தான். ஆகவே அதை வரி விடாமல் படியுங்கள்.

மெடிக்கலைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தைத் தொங்கலில் விட ஃபிஃபா விதி இடம் கொடுக்காது; சோதனையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 18 நிரம்பாதவனை மூன்று வருஷத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. வெளிநாட்டு கிளப்புக்கு மாறுவதும், சில விதிவிலக்குகள் தவிர, 18-க்குப் பிறகுதான். இரண்டு மாதச் சம்பளத்தை கிளப் சட்டவிரோதமாக நிறுத்தினால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 15 நாள் பாருங்கள். அப்போதும் பணம் முழுசாக வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். எழுத்தில், ஐயா. போனில் கெஞ்சியதெல்லாம் கணக்கில் வராது. ட்ரையலுக்கு என்று முன்பணம் கேட்பவனுக்கு ஒரு பைசா தராதீர்கள்.

ஏஜென்ட்டுக்கு ஃபிஃபா லைசென்ஸ் கட்டாயம். பெயர் ஃபிஃபா இணையதளத்தில் இருக்கும், யாரும் தேடிப் பார்க்கலாம். அந்த அப்பாவின் போனிலிருந்தே, "சார், உங்க லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க" என்று தட்டி அனுப்பினோம். பையன் பூட்ஸைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். நீல டிக் இரண்டும் உடனே விழுந்தன. இன்றோடு ஆறு நாள், பதில் இல்லை.